கூலி கேட்டு வீதிக்கு வந்தவர்கள்

உழைப்பவன் ஒருவன், அவ்வுழைப்பை விலைக்குப் பெறுபவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையே மனித சமுதாயம் தோன்றிய நாள்தொட்டு ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. உழைப்புக்கு உரிய விலை யாது? அதனை நிர்ணயிப்பவர் யார்? உழைப்பாளியின் வியர்வை உலரும் முன்பே அவனது கூலியைக் கொடுத்துவிட வேண்டுமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. ஆயினும், கூலியை எப்பொழுது கொடுப்பது என்பதை மட்டுமே அப்பொன்மொழியிலிருந்து நம்மில் பலர் விளங்கி வைத்திருக்கிறோம். எவ்வளவு கொடுப்பது என்பது குறித்தும் நம் மார்க்கம் வழிகாட்டியிருக்கிறது. அமெரிக்க நாட்டில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த ஒரு போராட்டத்தை முன்வைத்து அதனைச் சற்றுச் சிந்திப்போம்.

நியூயார்க்கில் தொடங்கியது

2012-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் நியூயார்க் மாநகரில் மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், வெண்டீஸ் முதலிய துரித உணவகங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 200 பேர் வேலையை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தனர். அடுப்பின் முன் நின்று பொரிப்போரும், முகப்பில் நின்று பணம் பெறுவோரும், தரை துடைப்போரும் அவர்களுள் இருந்தனர். அவர்களுடைய கோரிக்கைகள் இரண்டே. மணிக்கு 15 டாலர் கூலி வேண்டும். எவருடைய பழிவாங்கலுக்கும் அஞ்சாமல் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும்.

அப்பொழுது அங்கே சட்டம் வகுத்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். கேட்டதோ அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். இது பேராசையன்றோ என்று வாசகர் வினவலாம். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

வாரத்துக்கு 40 மணி நேரம் வீதம், ஆண்டின் 52 வாரங்களும் ஒருநாள்கூட விடாமல் ஒருவர் உழைத்தாலும் 7.25 டாலர் விகிதத்தில் அவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 15,080 டாலர். வீட்டு வாடகை விண்ணை முட்டும் நியூயார்க் நகரில் இத்தொகையைக் கொண்டு ஒரு குடும்பம் எவ்வாறு வாழும்? அதிலும் பலருக்கு வாரம் 40 மணி நேர வேலைகூடக் கிடைப்பதில்லை.

2013-ஆம் ஆண்டில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் ஊழியர்கள் சிக்கனமாக வாழ்வதற்கென ஒரு மாதிரி வரவு செலவுத் திட்டத்தை வெளியிட்டது. அதன் வரவுப் பகுதியில் முதல் வேலையின் மாத வருமானம் 1,105 டாலர் என்றும், இரண்டாவது வேலையின் வருமானம் 955 டாலர் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு வேலையின் ஊதியம் வாழ்வதற்குப் போதாது என்பதற்கு முதலாளியின் ஏட்டைவிடச் சிறந்த சாட்சியம் வேறு வேண்டுமா?

அதே ஆண்டில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். துரித உணவகங்களின் அடிநிலை ஊழியர் குடும்பங்களில் 52 விழுக்காடு, உணவு உதவி, மருத்துவ உதவி போன்ற ஏதேனும் ஓர் அரசு உதவியைப் பெற்று வந்தன என்பது அதன் முடிவு. இதனால் அரசுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவாயிற்று. உழைப்பைப் பெற்றவர் கொடுக்காமல் விட்ட பங்கைப் பொதுமக்களின் வரிப்பணம் ஈடுசெய்தது என்பதே இதன் பொருள்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்நாட்டுக்குப் புதிதன்று. அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில், 1938-இல், மணிக்கு 25 சென்ட் என்று நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 1963 ஆகஸ்டு 28-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் பேசிய புகழ்பெற்ற வாஷிங்டன் பேரணியின் கோரிக்கைகளுள் மணிக்கு 2 டாலர் கூலி என்பதும் ஒன்று. கறுப்பின மக்களின் மான உரிமையும் வயிற்றின் உரிமையும் அன்றே ஒன்றாகப் பேசப்பட்டன. 2009 ஜூலையில் நாடு தழுவிய கூலி 7.25 டாலராயிற்று. அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக விலைவாசி ஏறியது. கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

மார்க்கம் வகுத்த இலக்கணம்

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘இஜாரா’ என்றொரு பாடம் உண்டு. வாடகைக்கும் கூலிக்குமான சட்டங்களைச் சொல்வது அது. கூலி ஒப்பந்தத்தில் வேலை இன்னதென்றோ காலம் இவ்வளவென்றோ தெரிந்திருக்க வேண்டும். கூலியும் தெளிவாக இருத்தல் வேண்டும். அறியாமை கலந்த ஒப்பந்தம் பழுதுபட்டது என்பர் சட்ட மேதைகள். மத்யன் நகரத்து முதியவர் மூஸா நபி (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய வரலாற்றைத் திருமறையின் அல்கஸஸ் அத்தியாயத்தில் ஓதுகிறோமல்லவா? எட்டாண்டுப் பணி கட்டாயம். பத்தாக நிறைவு செய்தால் அது அவரது விருப்பம். அவரைச் சிரமத்துக்கு உள்ளாக்கும் எண்ணம் தமக்கில்லை என்று அம்முதியவர் முன்கூட்டியே தெளிவுபடுத்தி விடுகிறார். வேலை கொடுப்பவன் நாவிலிருந்து வர வேண்டிய சொல் எத்தகையது என்பதற்கு இதுவே இலக்கணம்.

துரித உணவக ஊழியரின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. அடுத்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை, எந்த நாளில், இரவா பகலா என்பது கடைசி நேரம்வரை அவருக்குத் தெரியாது. பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது, வாடகைக்குப் பணம் தேறுமா என்ற கவலையுடனேயே அவர் உறங்கச் செல்ல வேண்டும். 2017-இல் நியூயார்க் நகரில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. துரித உணவக ஊழியருக்கு அவருடைய பணி நேரத்தை 14 நாட்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. ‘காலம் தெளிவாக இருக்கட்டும்’ என்ற இஜாராப் பாடத்தின் நியாயம் அதில் தொனிப்பதை உணர்கிறோம்.

காலத்தின் தெளிவு ஒருபுறம் இருக்க, கூலியின் அளவுக்கு வருவோம். கூலி பேசப்படாமலோ ஒப்பந்தம் பழுதுபட்டோ போனால், ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’, அதாவது அத்தகைய வேலைக்கு ஒத்த கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆக, இருவரின் பேரத்துக்கு வெளியேயும் நியாயத்துக்கு ஓர் அளவுகோல் உண்டென்பதை நம் இமாம்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றனர்.

மேலும், நம்மிடம் பணியேற்றவருக்கு மனைவி இல்லையேல் மணமுடித்துக் கொள்ளட்டும். பணியாள் இல்லையேல் பணியாளை அமர்த்திக் கொள்ளட்டும். வீடு இல்லையேல் வீட்டைப் பெற்றுக் கொள்ளட்டும் என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூது தொகுப்பில் வந்துள்ளது. அரசுப் பணியாளரைக் குறித்துச் சொல்லப்பட்டதே அது. ஆயினும் உழைக்கும் மனிதனுக்கு எவையெவை தேவையென்று பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்பதை அது நமக்குக் காட்டுகிறது. குடும்பம், ஓய்வு, தலைக்கு மேல் ஒரு கூரை. நியூயார்க் வீதியில் நின்றவர்கள் இவற்றுக்கு மேல் எதைக் கேட்டார்கள்?

ஒப்புக்கொண்டுதானே வந்தார்?

“கூலி இவ்வளவென்று தெரிந்து, ஒப்புக்கொண்டுதானே வேலைக்கு வந்தார்? பிறகு ஏன் கூச்சல்?” என்று வினவுவோர் உண்டு. வணிகத்தில் இருவர் மனமும் பொருந்த வேண்டும் என்பது திருமறையின் கட்டளை என்பதில் ஐயமில்லை. ஆனால் மனம் பொருந்துவது வேறு. வேறு வழியின்றித் தலையசைப்பது வேறு. வாடகைத் தவணை கழுத்தை நெரிக்க, பசித்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையொப்பமிடும் ஒரு தாயின் சம்மதத்தை, கோடிக்கணக்கில் ஆதாயம் பெறும் நிறுவனத்தின் சம்மதத்தோடு ஒரே தராசில் வைப்பது நீதியாகுமா? மக்களுக்குரிய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று ஷுஐபு நபி (அலை) அவர்கள் தம் சமுதாயத்தை எச்சரித்ததை நினைவுகூர்க. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைத் திருமறை கண்டிப்பதை நாம் கடைத்தெருவோடு நிறுத்திவிடலாகாது. பிறர் உழைப்பை நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, கூலியைக் குறைவாக அளந்து கொடுப்பதும் அளவை மோசடியே.

கற்றோர் சிலர் இன்னுமோர் ஆட்சேபத்தை எழுப்பக்கூடும். மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்ட, பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லையே. அவ்வாறிருக்கக் கூலியை மட்டும் அரசு நிர்ணயிக்கலாமா என்பதே அது. எவருக்கும் உயிரிலோ பொருளிலோ அநீதி இழைத்த நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்பதே அங்கே நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன காரணம். இயல்பாக ஏறிய விலையை வலிந்து இறக்கினால் வணிகருக்கு அநீதி நேரும். ஒரு சாராரின் கை ஓங்கி, மறு சாராரின் உரிமை நசுக்கப்படும்போதோ நிலைமை வேறு. ‘ஹிஸ்பா’ குறித்த தமது நூலில் இமாம் இப்னு தைமிய்யா அவர்கள் இதனை ஆராய்ந்து, தேவை ஏற்படுமிடத்து ஒத்த கூலியை ஆட்சியாளர் விதிக்கலாம். தொழிலாளியும் அதற்கு மேல் வற்புறுத்தலாகாது, வேலை வாங்குவோரும் அதைக் குறைத்து அவருக்கு அநீதி இழைக்கலாகாது என்ற கருத்தை நிறுவியுள்ளார்கள். அநீதியைத் தடுப்பதே விலையை விதிக்காமைக்கும் காரணம். கூலியை விதிப்பதற்கும் காரணம்.

பொறுப்பு யாருடையது?

துரித உணவகத் தொழிலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையின் நெற்றியில் பெரிய நிறுவனத்தின் பெயர் ஒளிரும். ஆனால் கடையை நடத்துபவர் வேறொருவர். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பெரும்பாலானவை இத்தகையவையே. பெயரைப் பயன்படுத்துவதற்கு அவர் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார். பல இடங்களில் கட்டடத்துக்கு வாடகையும் செலுத்துகிறார். உணவின் சுவை முதல் ஊழியரின் உடைவரை நிறுவனம் வகுத்ததே விதி. ஆனால் கூலியைக் கூட்டிக் கேட்டாலோ, “அவர் எங்கள் ஊழியரல்லர்” என்கிறது நிறுவனம். “கட்டணமும் வாடகையும் போக எனக்கு மிஞ்சுவது சொற்பம்” என்கிறார் கடைக்காரர். இருவருக்குமிடையே உழைத்தவர் கையேந்தி நிற்கிறார். கையில் வசதியிருந்தும் கடனைத் தவணை சொல்லிக் கடத்துவது அநீதி என்பது நபிமொழி. பொறுப்பைக் கைமாற்றிக்கொண்டே போவதும் அத்தகைய தவணைதானே?

போராட்டம் ஈட்டியது

200 பேரோடு தொடங்கிய போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. 2014 செப்டம்பரில் சாலையில் அமர்ந்து மறியல் செய்த நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். வாஷிங்டன் மாநிலத்தின் சீடாக் என்ற சிற்றூரில் 2013-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் வெறும் 77 வாக்கு வித்தியாசத்தில் 15 டாலர் கூலி வென்றது. 2014-இல் சியாட்டில் நகர மன்றம் அதனைப் படிப்படியாகக் கொண்டுவர ஏற்றுக்கொண்டது. 2016-இல் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அவ்வழியே சென்றன. 2023 செப்டம்பரில் கலிபோர்னியா மற்றுமொரு சட்டத்தை இயற்றி, நாடெங்கும் 60 கடைகளுக்குக் குறையாத துரித உணவக நிறுவனங்களின் கடைகளில் 2024 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மணிக்கு 20 டாலர் என்று விதித்தது. அன்று அம்மாநிலத்தின் பொதுவான குறைந்தபட்சக் கூலி 16 டாலர். தலைமை நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்கும் ஏற்பாடு அச்சட்டத்தின் முதல் வடிவில் இருந்தது. பேச்சுவார்த்தையின் முடிவில் அது கைவிடப்பட்டது. வெற்றியிலும் ஒரு குறை!

கூலி உயர்ந்தால் வேலை குறையுமே என்ற அச்சத்தை நாம் புறந்தள்ளுவதற்கில்லை. 1992-இல் நியூஜெர்ஸி மாநிலம் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அங்கும் அண்டையிலுள்ள பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவகங்களை ஆராய்ந்தனர். வேலை குறைந்ததாக அவர்கள் காணவில்லை. கார்டு அவர்களுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் அம்முடிவை மறுத்து எழுதிய அறிஞர்களும் உளர், வாதம் ஓயவில்லை. எவ்வளவு, எவ்வேகத்தில் உயர்த்துவது என்பது ஆய்ந்து முடிவு செய்யத்தக்கது. உழைப்பவர் பசித்திருக்கலாமா என்பதோ ஆய்வுக்குரிய கேள்வியன்று.

உழைப்பவருக்கும் கடமை உண்டு. வலிமையும் நம்பகமும் உள்ளவரே சிறந்த பணியாளர் என்று மூஸா நபி (அலை) அவர்கள் வரலாற்றிலேயே திருமறை சுட்டுகிறது. கூலியை நிறைவாகக் கேட்பவர் வேலையையும் நிறைவாகச் செய்தல் வேண்டும்.

பாறை விலகிய கதை

குகையில் அடைபட்ட மூவரின் வரலாறு புகாரி ஷரீபில் இருக்கிறது. வாயிலைப் பாறை அடைத்துக்கொள்ள, ஒவ்வொருவரும் தாம் செய்த நற்செயலொன்றைச் சொல்லி இறைஞ்சினர். மூன்றாமவர் சொன்ன செயல் என்ன தெரியுமா? கூலியைப் பெறாமல் போய்விட்ட வேலையாளின் பங்கைப் பயிரிட்டுப் பெருக்கி, அவர் திரும்பி வந்து கேட்டபோது அதனால் விளைந்த மந்தை முழுவதையும் கொடுத்துவிட்டதே அச்செயல். வந்தவர் தம்மைப் பரிகசிப்பதாகவே எண்ணினாராம்! பெற்றோரைப் பேணியதும், பாவத்தைவிட்டு விலகியதும் பாறையைச் சிறிது சிறிதாக நகர்த்தின. கூலியை நேர்மையாகக் கொடுத்த செயலே அதனை முற்றிலும் அகற்றியது.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஒருவரை வேலைக்கமர்த்தி, வேலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு, கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக இறைவன் எச்சரித்திருக்கிறான். வாதியாக அல்லாஹ்வே நிற்கும் வழக்கில் நமக்காக வாதாட யார் வருவார்?

அன்பர்களே! அமெரிக்க முதலாளிகளைக் குறைகூறுவது எளிது. நம் கடையில் விளக்கணைக்கும்வரை நிற்கும் சிறுவனுக்கும், நம் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கும் அம்மையாருக்கும் நாம் கொடுப்பது ஒத்த கூலிதானா? அவர்கள் கேட்ட பிறகு கொடுக்கிறோமா, கேட்குமுன் உயர்த்துகிறோமா? இன்று ஜும்ஆவிலிருந்து திரும்பியதும் இக்கணக்கைப் பார்த்துவிடுவோம். உழைத்தவர் உரிமை கேட்டு வீதிக்கு வர வேண்டிய நிலையை நம் வாசலில் உண்டாக்காதிருக்க வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.