ஸ்கூல் வேனும் ஒரு வண்டிதான்!

கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலை, ஸ்கூல் வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். கேட்டைச் சாத்தவில்லையா, திறக்கச் சொன்னார்களா என்று நாடே அப்போது சண்டை போட்டது. அதை விசாரணைக்கு விட்டுவிடுவோம். நம்மை உறுத்துவது அந்த கேட்டின் ரகம். அதில் அப்போது இன்டர்லாக்கிங் இல்லை.

இன்டர்லாக்கிங் இருந்தால், கேட்டைச் சாத்திப் பூட்டிய பிறகுதான் சிக்னல் விழும். இல்லாத இடத்தில் எல்லாம் போன் பேச்சுதான். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டு வண்டி வருகிறது என்பார். கேட் கீப்பர் சாத்திவிட்டு 'பிரைவேட் நம்பர்' என்று ஓர் எண்ணைச் சொல்வார். ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள். சாத்தாமலேயே நம்பரைச் சொல்லிவிட்டால்? சிக்னலுக்கு அது தெரியாது, ரயில் வந்துவிடும். இதில், கேட் கீப்பர் வேலையில் இடையிடையே சும்மா இருக்கும் நேரம் அதிகம் என்று கணக்குப் போட்டு, பல கேட்டுகளில் 12 மணி நேர டியூட்டி வேறு!

எந்த கேட்டுக்கு இன்டர்லாக்கிங் என்பதை 'டி.வி.யூ' என்ற கணக்கு முடிவுசெய்கிறது. ஒரு நாளில் போகும் ரயில்களை, கடக்கும் வண்டிகளால் பெருக்க வேண்டும். 20,000 ஆக இருந்த வரம்பை அந்த விபத்துக்குப் பிறகு 10,000 ஆகக் குறைத்தார்கள். நல்லதுதான். ஆனால் 20 ரயிலும் 450 வண்டியும் கடக்கிற கிராமத்து கேட்டுக்கு வருவது 9,000. அங்கே பழையபடி போன்தான். காலி டிராக்டரும் வண்டி, பிள்ளைகள் நிறைந்த வேனும் வண்டி என்று எண்ணுகிற கணக்கு இது.

கேமராவும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தப்பு யாருடையது என்று பிறகு பார்க்க உதவும். சுரங்கப்பாதை போட்டுவிட்டால் கேட்டே வேண்டாமே என்பவர்களும் உண்டு. ஐப்பசி மழையில் அதற்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும்.

சாத்திய கேட்டைத் திறப்பவருக்கு மூன்றாண்டு, உடைப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம். நடுராத்திரியில் பத்துப் பேர் ஹாரன் அடித்துக் கத்தினால், தனியாக நிற்கும் கேட் கீப்பர் சட்டப் புத்தகத்தையா காட்டுவார்? இன்டர்லாக்கிங் இருந்தால், "சிக்னல் விழுந்துடுச்சு, இனி நானே நினைச்சாலும் திறக்க வராது" என்று கையை விரித்துவிடலாம். மற்ற கேட்டுகளில் அவரால் திறக்க முடியும் என்பது கத்துகிறவர்களுக்கும் தெரியும்.