தமிழ்நாடு சட்ட மேலவை

தமிழ்நாடு சட்ட மேலவை என்பது 1986 வரை தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் இரண்டாவது அவையாகச் செயல்பட்ட அமைப்பு ஆகும். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவை சட்டப் பேரவை எனவும், இது மேலவை எனவும் அழைக்கப்பட்டன.

தோற்றம்

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, 1937 முதல் சென்னை மாகாணத்தில் ஈரவை முறை நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்குப் பின் இந்திய அரசியலமைப்பின் கீழும் அது தொடர்ந்தது.

அமைப்பு

அரசியலமைப்பின் 171ஆம் பிரிவின்படி மேலவை உறுப்பினர்கள் ஐந்து வழிகளில் வருகின்றனர்.

- மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பர்.
- மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டப் பேரவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பர்.
- பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பர்.
- பன்னிரண்டில் ஒரு பங்கினரை உயர்நிலைப் பள்ளி முதல் மேல்நிலைகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பர்.
- எஞ்சியோரை இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகப் பணி ஆகியவற்றில் சிறந்தோரிலிருந்து ஆளுநர் நியமிப்பார்.

கலைக்கப்பட்டபோது மேலவையில் 63 இடங்கள் இருந்தன. உறுப்பினர் பதவிக்காலம் 6 ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். ஆகவே பேரவையைப் போல மேலவை முழுவதும் ஒரே நேரத்தில் காலியாவதில்லை.

வேதாரண்யம் உப்பு அறப்போருக்கு 1930இல் தலைமை தாங்கிய இராஜாஜி, 1952இல் மேலவையின் நியமன உறுப்பினராக இருந்தே முதலமைச்சர் ஆனார். தேர்தலில் நிற்காமல் முதல்வராகலாமா என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது. 1967இல் முதல்வரான அண்ணாவும் பின்னர் மேலவை உறுப்பினரானார்.

அதிகாரம்

பேரவை நிறைவேற்றிய சாதாரண மசோதாவை மேலவை முதலில் மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். பேரவை மீண்டும் நிறைவேற்றினால் மேலும் ஒரு மாதம் மட்டுமே நிறுத்த முடியும். பண மசோதாவுக்கு 14 நாட்களே உண்டு. மேலவை தாமதப்படுத்தலாம், தடுக்க இயலாது.

அமெரிக்க செனட் சபையிலும் 6 ஆண்டுப் பதவிக்காலமும் மூன்றில் ஒரு பங்கினர் மாறும் முறையும் உள்ளன. ஆனால் அதன் வலிமை வேறு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருவர் என 100 பேர் கொண்ட செனட் ஒப்புதல் அளிக்காமல், 435 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபை எந்தச் சட்டத்தையும் நிறைவேற்ற முடியாது.

கலைப்பு

அரசியலமைப்பின் 169ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தின் பேரவை சிறப்புப் பெரும்பான்மையுடன் தீர்மானம் நிறைவேற்றினால், நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அம்மாநில மேலவையை நீக்கலாம். இதற்கு மேலவையின் ஒப்புதல் தேவையில்லை. எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் 1986 மே மாதம் அத்தகைய தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று மேலவை இல்லாமல் போயிற்று. அதன் கடைசித் தலைவர் ம. பொ. சிவஞானம்.

மீட்பு முயற்சிகள்

1989, 1996, 2010 ஆகிய ஆண்டுகளில் தி.மு.க. ஆட்சியில் மேலவையை மீட்கத் தீர்மானங்கள் நிறைவேறின. 2010இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. எனினும் 2011இல் ஆட்சி மாறியதும் அ.தி.மு.க. அரசு எதிர்த் தீர்மானம் கொண்டுவந்தது. மேலவை மீண்டும் அமையவில்லை.

மேலவை வீண் செலவு என்றும், தேர்தலில் தோற்றவர்களுக்குப் புகலிடம் என்றும் எதிர்ப்பவர்கள் கூறுகின்றனர். அவசரச் சட்டங்களை மறுமுறை சீர்தூக்கிப் பார்க்க அது உதவும் என்பது ஆதரவாளர்கள் வாதம். எவ்வாறாயினும், ஆசிரியர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் தமக்கெனப் பிரதிநிதிகளை மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய வழி 1986இல் அடைபட்டது.