பென்சீன் வளையத்தில் எந்த இடம் யாருக்கு?

பீனால் கரைசலில் புரோமின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அதன் செம்பழுப்பு நிறம் உடனே மறைந்து வெள்ளை வீழ்படிவு இறங்கும். பள்ளி ஆய்வகத்தில் பீனாலை அடையாளம் காணும் சோதனை இது. பென்சீனோடு அதே புரோமின் நீரைக் குலுக்கிப் பாருங்கள்: நிறம் மேலே மிதக்கும் பென்சீன் அடுக்குக்கு ஏறும், அவ்வளவுதான். பென்சீனில் ஒரு புரோமினை ஏற்றவே இரும்பு வினையூக்கி வேண்டும். பீனாலில் அது இல்லாமலே மூன்று ஏறிவிடுகின்றன. இத்தனைக்கும் காரணம் வளையத்தில் ஒட்டியிருக்கும் ஒரேயொரு ஓ-எச் தொகுதி.

வளையத்தைத் தாக்க வருபவை எலக்ட்ரானைத் தேடி வருபவை. ஓ-எச் தொகுதியின் ஆக்சிஜன் தன் தனித்த இணை எலக்ட்ரான்களை வளையத்துக்குள் தள்ளுகிறது. அந்த வரவு எல்லாக் கார்பன்களுக்கும் சமமாகச் சேர்வதில்லை. பக்கத்திலுள்ள இரண்டு ஆர்த்தோ இடங்களுக்கும் எதிர்முனையிலுள்ள பாரா இடத்துக்கும்தான் சேர்கிறது. மூன்று புரோமின்களும் போய் உட்காருவது அங்கேதான்.

நைட்ரோ தொகுதி நேர்மாறு. அது எலக்ட்ரானை உறிஞ்சுகிறது. ஆர்த்தோவும் பாராவும்தான் அதிகம் இழக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மெட்டா இடம் செழிப்பானது என்பதல்ல, இருப்பதில் குறைவாக வறண்டது. நைட்ரோபென்சீனில் இன்னொரு நைட்ரோவை ஏற்றினால் சுமார் 93 சதவீதம் மெட்டாவுக்கே போகும், அதுவும் மிக மெதுவாக. எலக்ட்ரான் தரும் மெத்தில் தொகுதி ஒட்டிய டொலுயீனோ பென்சீனைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நைட்ரோ ஏற்கிறது. மெட்டா பொருள் சில சதவீதமே. குளோரின் மட்டும் இரண்டுங்கெட்டான்: வினையின் வேகத்தைக் குறைக்கும், இடம் காட்டுவதோ ஆர்த்தோ, பாரா பக்கம்.

இந்த விதியின் உண்மையான சுவை அனிலீனில் இருக்கிறது. அதிலுள்ள அமினோ தொகுதி வலுவாக எலக்ட்ரான் தருவது. ஆனால் நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் இட்டதும் அதன் நைட்ரஜன் ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின் சுமை பெறுகிறது. கொடுத்த கை இப்போது இழுக்கிறது! விளைபொருளில் பாதிக்குச் சற்றுக் குறைவு மெட்டாவாகிவிடும். அதனால் வேதியியலாளர்கள் முதலில் அமினோ தொகுதியை அசிட்டைலால் மூடி அசிட்டனிலைடு ஆக்குகிறார்கள். பிறகு நைட்ரோ ஏற்றுகிறார்கள்; பெரும்பகுதி பாராவில் அமர்கிறது. கடைசியில் நீராற்பகுத்து மூடியைக் கழற்றினால் பாரா-நைட்ரோஅனிலீன் கிடைக்கிறது.