அமைவுத் தொகுதி மாற்றம் (காப்பு ரிலே)

அமைவுத் தொகுதி மாற்றம் என்பது, நிரல்படுத்தக்கூடிய காப்பு ரிலே ஒன்றில் முன்னரே சேமிக்கப்பட்டுள்ள பல அமைவுத் தொகுதிகளுள் செயற்பாட்டில் இருப்பதை நீக்கி வேறொன்றைச் செயற்படச் செய்வதாகும். மின்திறன் வலையமைப்பின் நிலை மாறும்போது, ரிலேயின் அமைவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தாமல், அந்நிலைக்கு உரிய தொகுதிக்கு உடனடியாக மாற இது உதவுகின்றது.

பின்னணி

காப்பு ரிலே, மின்தடத்தில் பாயும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து, பழுது ஏற்பட்டால் பிரேக்கரைத் திறக்கச் செய்யும் கருவி. பழைய மின்-இயந்திர ரிலேக்களில் இயங்கு மின்னோட்டத்தைச் செருகி மூலமாகவும், நேரத்தைச் சுழற்று வட்டு மூலமாகவும் கையால் அமைத்தனர். எனவே ஒரு ரிலேயில் ஒரு நேரத்தில் ஒரு வகை அமைவே இருக்க இயலும். நுண்செயலியால் இயங்கும் எண்ம ரிலேக்கள் வந்தபின், ஒரே கருவியில் பல தொகுதிகளைச் சேமிப்பது இயல்பானது. ரிலேயின் வகைக்கேற்ப இரண்டு, நான்கு அல்லது ஆறு தொகுதிகள் இருப்பதுண்டு.

தேவை: ஆரல்வாய்மொழி எடுத்துக்காட்டு

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயும் அதனை அடுத்த முப்பந்தலும் காற்றாலைகள் மிகுந்த பகுதிகளாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் இங்கு மின்னாக்கம் மிகுதி. அப்போது மின்சாரம் காற்றாலைகளிலிருந்து துணை மின்நிலையங்களை நோக்கிப் பாயும். காற்று ஓய்ந்த மாதங்களில் அத்தடங்களில் மின்னோட்டம் குறைவதுடன், அதன் திசை மாறுவதும் உண்டு. இவ்வாறான நிலைகளுக்கு ஒரே அமைவு பொருந்துவது கடினம்.

விளக்கத்துக்காக, பருவத்தில் 300 ஆம்பியர் ஏந்தும் தடம் ஒன்றைக் கொள்ளலாம். அதன் இயங்கு மின்னோட்டத்தை 200 ஆம்பியர் என அமைத்தால், பழுது இல்லாமலே தடம் துண்டிக்கப்பட்டு, காற்றாலைகள் நின்றுவிடும். 400 ஆம்பியர் என அமைத்தால் இச்சிக்கல் இல்லை. ஆனால், காற்றில்லாக் காலத்தில் தடத்தின் கடைக்கோடியில் 600 ஆம்பியர் அளவில் பழுது ஏற்பட்டால், இயல்பு எதிர்மாற்று வளைவில் நேரப் பெருக்கி 0.1 எனக் கொள்ள, ரிலே இயங்குவதற்கு ஏறத்தாழ 1.72 நொடிகள் ஆகும். 200 ஆம்பியர் அமைவில் இதே பழுது 0.63 நொடியில் நீங்கும். தாமதம் கூடினால் கடத்திகள் சூடேறி அறுந்து விழும் வாய்ப்பும், மேல்நிலை ரிலே முந்திக்கொண்டு பெரும்பகுதியை இருளாக்கும் வாய்ப்பும் மிகும். பருவத்துக்கு ஒன்று, ஓய்வுக் காலத்துக்கு ஒன்று என இரு தொகுதிகள் வைத்தால் இரு குறைகளும் நீங்கும்.

புயலுக்குப் பின் மாற்று வழியில் மின்சாரம் வழங்கும் நிலையும் இதனைப் போன்றதே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இம்மாவட்டத்தில் ஏராளமான மின்கம்பங்களைச் சாய்த்தது. இத்தகைய வேளைகளில் தடம் ஒன்றை எதிர்முனையிலிருந்து ஊட்ட நேர்ந்தால், பழுது மின்னோட்டத்தின் அளவும் திசையும் மாறிவிடும்.

மாற்றும் முறைகள்

1. ரிலேயின் முகப்பிலுள்ள விசைகள் மூலம் கையால் மாற்றுதல்.
2. இரும உள்ளீடுகள் மூலம் மாற்றுதல். இரண்டு உள்ளீடுகளின் சேர்க்கையால் நான்கு தொகுதிகளைத் தெரிவு செய்யலாம்.
3. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைத்தொடர்பு வழி மாற்றுதல். ஐ.இ.சி. 61850 சீர்தரம் இதற்கெனத் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதியை வரையறுக்கின்றது.
4. பிரேக்கர்களின் நிலை, மின்னோட்டத் திசை முதலியவற்றைக் கொண்டு ரிலேயின் தருக்க நிரலே தானாக மாற்றுதல்.

கவனிக்க வேண்டியவை

சில ரிலேக்களில் தொகுதி மாறும் வேளையில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் காப்பு செயற்படாது. அந்நேரத்தில் வேறொரு காப்பு துணை நிற்க வேண்டும். நிலையற்ற குறிகைகளால் தொகுதி அடிக்கடி மாறாதிருக்கக் காலத்தாழ்வு சேர்க்கப்படுகின்றது. உள்ளீட்டுக் கம்பி அறுந்தால் எத்தொகுதி செயற்படும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே சோதிப்பதும், அண்டை ரிலேக்களுடன் ஒருங்கிணைவைச் சரிபார்ப்பதும் இன்றியமையாதவை.

அமைவு நிலைமைக்குப் பொருந்தாதபோது விளைவு பெரிதாகலாம். 2012 சூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியாவில் ஏற்பட்ட பெரும் மின்தடைகளில், பீனா-குவாலியர் 400 கிலோவோல்ட் தடம், பழுது இல்லாதபோதும் மிகுசுமையைப் பழுதெனக் கொண்ட தொலைவு ரிலேயால் துண்டிக்கப்பட்டது. தென்னக மின்தொகுப்பு அப்போது ஒத்தியங்கு முறையில் இணைக்கப்படாததால் தமிழ்நாடு பாதிப்புறவில்லை. 2013 திசம்பர் 31 அன்று அவ்விணைப்பு ஏற்பட்டது.

இவற்றையும் பார்க்க

மின்மாற்றி
துணை மின்நிலையம்
காற்றுத் திறன்
முப்பந்தல்