போனில் பணம் கட்ட பயமா? ப்ரீபெய்டு வாலட் இருக்கிறது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது வைரஸ் பற்றி அல்ல. “மொபைல் போனில் பணம் கட்ட ஆசைதான். ஆனால் பென்ஷன் வரும் அக்கவுண்ட்டே காலியாகிவிட்டால் என்ன செய்வது?” என்றுதான் கேட்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானதுதான். அதற்காக அந்த வசதியையே ஒதுக்கத் தேவையில்லை. வீட்டுப் பணம் முழுவதையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாம் கடைக்குப் போவதில்லை அல்லவா? அன்றைய செலவுக்கு மட்டும் பர்சில் எடுத்துப் போகிறோம். ப்ரீபெய்டு கார்டும் ப்ரீபெய்டு வாலட்டும் அந்தப் பர்ஸ்தான்.

அண்ணன் கற்ற பாடம்

பணி ஓய்வு பெற்ற என் அண்ணன் பழைய பிரிண்டர் ஒன்றை விற்க விளம்பரம் கொடுத்திருந்தார். போனில் பேசிய ஒருவர், “6,000 ரூபாய் அனுப்புகிறேன். இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்றார். அண்ணனும் அப்படியே செய்தார். போதிய இருப்பு இல்லை என்று திரையில் செய்தி வந்தது. அவர் போனில் இணைத்திருந்தது 1,200 ரூபாய் உள்ள வாலட் மட்டுமே. அந்த ஆசாமி விடவில்லை. 1,000 ரூபாய்க்கு இன்னொரு கோடை அனுப்பினார். அந்தப் பணம் போய்விட்டது. அதன் பிறகுதான் அண்ணன் என்னை அழைத்தார்.

ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு ஒருபோதும் பின் எண் தேவையில்லை. பின் எண் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப் போகிறது என்று பொருள். அண்ணன் இழந்தது 1,000 ரூபாய். பேங்க் அக்கவுண்ட் இணைந்திருந்தால் முதல் முயற்சியிலேயே 6,000 போயிருக்கும்.

மூன்று வகைகள்

ரிசர்வ் வங்கி 2021-ல் வெளியிட்ட விதிகளின்படி, நாம் சந்திக்கும் ப்ரீபெய்டு வகைகள் மூன்று.

1. கிப்ட் கார்டு: அதிகபட்சம் 10,000 ரூபாய். தீர்ந்தால் மறுபடி பணம் ஏற்ற முடியாது. ரொக்கமாக எடுக்கவும் முடியாது.

2. சிறிய வாலட்: மொபைல் எண்ணும் அடையாள ஆவண எண்ணும் கொடுத்தால் போதும். இருப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பொருள் வாங்கலாம், பில் கட்டலாம். வேறொருவருக்குப் பணம் அனுப்ப முடியாது.

3. முழு கேஒய்சி வாலட்: ஆவணங்களைச் சரிபார்த்த பின் தரப்படுவது. 2 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம். மீதிப் பணத்தை நம் பேங்க் அக்கவுண்ட்டுக்கே திருப்பி அனுப்பலாம்.

இவற்றில் யுபிஐ மூலம் எந்தக் கடையின் க்யூஆர் கோடிலும் பணம் கட்ட உதவுவது மூன்றாவது வகைதான். முன்பு வாலட் தந்த நிறுவனத்தின் அப்ளிகேஷனில் மட்டுமே இப்படிச் செய்ய முடிந்தது. 2024 டிசம்பர் 27 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவிப்பு, மற்ற யுபிஐ அப்ளிகேஷன்களிலும் அதை இணைக்க அனுமதித்தது. எல்லா நிறுவனங்களும் இந்த வசதியைத் தருவதில்லை. முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்படி அமைப்பது?

• அப்ளிகேஷனை போனில் உள்ள ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்கவும். எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்கைத் தொட வேண்டாம்.

• மொபைல் எண்ணை ஓடிபி மூலம் உறுதி செய்து, கேஒய்சியை முடிக்கவும். சில நிறுவனங்கள் இதை வீடியோ அழைப்பிலேயே செய்து தருகின்றன.

• ஒரு வாரச் செலவுக்கு மட்டும் பணம் ஏற்றவும். கிரெடிட் கார்டிலிருந்து ஏற்றினால் கட்டணம் பிடிக்கும் நிறுவனங்கள் உண்டு.

• யுபிஐ வசதியை இயக்கி பின் எண் அமைக்கவும். அது உங்கள் ஏடிஎம் பின் எண்ணாக இருக்கக் கூடாது.

• முக்கியமானது: அதே போனில் உள்ள எந்த யுபிஐ அப்ளிகேஷனிலும் பேங்க் அக்கவுண்ட்டைச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள். வேலி போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் பயனில்லை.

உங்கள் கம்ப்யூட்டருக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. வாலட் நிறுவனத்தின் இணையதளத்தில் பணம் ஏற்றும் வசதி இருந்தால், கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் மூலம் ஏற்றுங்கள். பேங்க்கின் முகவரியை நீங்களே டைப் செய்து, புக்மார்க்கில் சேமித்து வையுங்கள். தேடல் பக்கத்தில் மேலே வரும் விளம்பர லிங்க்கில் போலித் தளங்களும் இருக்கலாம்.

யுபிஐ லைட் போதாதா?

சிலர் இப்படிக் கேட்கிறார்கள். யுபிஐ லைட் என்பது சிறு தொகைகளைப் பின் எண் இல்லாமல் கட்ட, போனிலேயே கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்கும் வசதி. 2024 டிசம்பரில் இதன் உச்ச வரம்பு ஒரு முறைக்கு 1,000 ரூபாய், மொத்தம் 5,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. நல்ல வசதிதான். ஆனால் அதற்குப் பின்னால் உங்கள் பேங்க் அக்கவுண்ட் அதே அப்ளிகேஷனில் இணைந்தே இருக்கிறது. ஆகவே இது வேகத்துக்கு உதவும்; வேலி ஆகாது.

குறைகளும் உண்டு

வாலட்டில் உள்ள பணத்துக்கு வட்டி கிடையாது. வாலட் தரும் நிறுவனத்துக்கே சிக்கல் வரலாம். 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது. மார்ச் 15-க்குப் பிறகு அதன் வாலட்டுகளில் புதிதாகப் பணம் ஏற்ற முடியவில்லை; இருந்த பணத்தைச் செலவழிக்கவோ வெளியே எடுக்கவோ மட்டும் அனுமதி இருந்தது. பெரிய தொகையை வாலட்டில் தூங்க விடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வாலட் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். அண்ணனும் அன்றே புகார் கொடுத்தார். பின் எண்ணை அவரே போட்டதால் பணம் திரும்பவில்லை. ஆனாலும் அவர் போனில் பணம் கட்டுவதை நிறுத்திவிடவில்லை. இப்போதும் ஞாயிறுதோறும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து 1,200 ரூபாய் ஏற்றுகிறார். பென்ஷன் அக்கவுண்ட் அவர் போனுக்குள் வருவதே இல்லை. நீங்களும் இப்படித் தொடங்கிப் பாருங்கள். பயம் தானாகக் குறையும்.