காய்ச்சலுக்குப் பின் வந்த சர்க்கரை

"நல்லா இருந்த பிள்ளைக்கு காய்ச்சல் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் சுகர் வந்துச்சு" என்று சொல்லும் பெற்றோர்கள் உண்டு. அவர்களின் சந்தேகத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அவர்கள் குறிப்பிடும் காய்ச்சல் அதற்குக் காரணமல்ல.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது. அதைத் தூண்டிவிடுவதாக அதிகம் சந்தேகிக்கப்படுபவை எண்டெரோவைரஸ்கள், குறிப்பாகக் காக்சாக்கி பி வகை. இவ்வகை வைரஸ் உள்ளே நுழையப் பற்றிக்கொள்ளும் புரதம் பீட்டா செல்களில் நிறைய உண்டு. நீரிழிவு முற்றி இறந்த 10 வயதுச் சிறுவனின் கணையத்திலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் காக்சாக்கி பி4 வைரஸைப் பிரித்தெடுத்து, 1979இல் அதை வெளியிட்டார்கள். அந்த வைரஸைச் செலுத்திய எலிகளுக்கும் சர்க்கரை ஏறியது.

அப்படியிருந்தும் ஏன் இன்னும் சந்தேகம் என்கிறோம்? பீட்டா செல்கள் அழிய மாதங்கள், பல நேரம் ஆண்டுகள் ஆகும். சர்க்கரை வெளியே தெரியும்போது தொடங்கிவைத்த வைரஸின் தடயம் மறைந்திருக்கும். அதனால்தான் அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடனில் மரபுவழி ஆபத்துள்ள குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே பின்தொடர்ந்தது 'டெடி' ஆய்வு. மலத்தைச் சோதித்துப் பார்த்ததில், வந்து போன தொற்றைவிட, ஒரே எண்டெரோவைரஸ் பி நீண்ட நாள் உடலில் தங்கியதற்கும் பீட்டா செல்களுக்கு எதிரான தாக்குதல் தொடங்குவதற்கும் தொடர்பு தெரிந்தது. 2019இல் அது வெளியானது.

போன வாரக் காய்ச்சல் செய்வது வேறு. காய்ச்சலில் உடலுக்கு இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும். ஏற்கெனவே நலிந்த கணையத்தால் ஈடுகொடுக்க முடியாது. மறைந்திருந்த நோய் வெளியே வருகிறது. அந்தக் காய்ச்சலைத் தடுத்திருக்கலாமே என்று பெற்றோர் தங்களை நொந்துகொள்ளத் தேவையில்லை.

பெரியவர்களிடமும் இதே குழப்பம் உண்டு. கொரோனாவில் அவர்களுக்கு ஏறிய சர்க்கரையில் ஸ்டீராய்டு மருந்துக்கும் பங்குண்டு. சிலருக்குச் சர்க்கரை நோய் முன்பே இருந்து தெரியாமல் போனது. சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இதைப் பிரித்தறிய உதவும்.

காய்ச்சல் விட்ட பிறகும் குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்டால், அடிக்கடி சிறுநீர் போனால், நிறுத்திய படுக்கை நனைத்தலை மறுபடி தொடங்கினால், உடல் மெலிந்தால், உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு இருந்தால் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.