'பி' தரம் போட்ட எனர்ஜி டிரிங்க்: நீரிழிவு இருந்தால் குடிக்கலாமா?

நாளைக்குத் தேர்வு, இல்லையென்றால் இன்றைக்கு நைட் ஷிப்ட். கண்ணைத் திறந்து வைத்திருக்க ஒரு எனர்ஜி டிரிங்க் வாங்கப் போகிறீர்கள். அலமாரியில் ஒரு டின்னில் 'டி', பக்கத்திலிருக்கும் சுகர் ஃப்ரீ டின்னில் 'பி'. நீரிழிவு உள்ளவர் என்றால் உங்கள் கை 'பி' பக்கம்தான் போகும். சர்க்கரையை மட்டும் பார்த்தால் அது நல்ல தேர்வுதான்.

ஆனால் சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் நடப்பில் உள்ள நியூட்ரி-கிரேட் முறை பார்ப்பது சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும்தான். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி'. கஃபீன் அந்தக் கணக்கிலேயே வராது.

கஃபீன் என்ன செய்யும்?

250 மில்லிலிட்டர் டின்னில் பொதுவாக 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். 500 மில்லிலிட்டர் டின் என்றால் 160. அது உடலில் அட்ரினலினைக் கூட்டுகிறது. உடனே கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலினின் வேலையும் கொஞ்சம் மந்தமாகிறது. நீரிழிவு இல்லாதவரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். உங்களுக்கு அந்த வசதி குறைவு.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள, தினமும் காப்பி குடிக்கும் 10 பேர் அதில் பங்கேற்றனர். 500 மில்லிகிராம் கஃபீன் மாத்திரை எடுத்த நாளில் அவர்களின் பகல்நேரச் சராசரி சர்க்கரை 8 விழுக்காடு கூடியது. 10 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். எல்லார் உடம்பும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

"காப்பி குடிச்சா நீரிழிவு வராதுன்னு சொல்றாங்களே?" தொடர்ந்து காப்பி குடிப்பவர்களுக்கு அந்த அபாயம் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுவது உண்மை. ஆனால் கஃபீன் நீக்கிய காப்பியிலும் அதே போக்கு தெரிகிறது. அதனால் அந்தப் பெயரை கஃபீனுக்குக் கொடுத்துவிட முடியாது.

சோதித்துப் பாருங்கள்

குடிப்பதற்கு முன் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை விரலில் குத்திப் பாருங்கள். அந்த இரண்டு எண்கள் உங்களைப் பற்றிச் சொல்வதை எந்த டின்னும் சொல்லாது. குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 10 மணிக்குக் குடித்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை: கஃபீன் அதிகமானாலும் இவை வரும், சர்க்கரை இறங்கினாலும் வரும். "டிரிங்க் வேலை செய்யுது" என்று விட்டுவிடாமல் உடனே சோதியுங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கையிலிருக்கும் சுகர் ஃப்ரீ டின் உதவாது. தேவை 15 கிராம் சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள்.